கொழும்பு நேரத்தில் நாலு நோன்பு

1. இரண்டு வரித் திருத்தம்

சுதர்சன் என்ற பெயரில் வந்த அந்தத் திருத்தத்தை ஒரு நிமிடங்கூட எடுக்காமல் நிராகரித்தேன். ரமழான் நோன்பு தொடங்கப் பத்து நாள் இருந்தது.

கல்முனை மெயின் வீதியில் இருபத்தாறு வருடம் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். "நான் ஒண்டுமே செய்யல்ல காக்கா, அது தானா நிண்டுட்டு" என்று, அண்ணன் முறைக்குக் காக்கா போட்டு, கொண்டு வருவார்கள். திறந்தால் கீபோர்டுக்குள் பிளேன்டீ இருக்கும். யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்படுவது எனக்குப் பழகிப்போனது. அதில் பெருமை வேறு.

கடையை மூடிய பிறகு ஓர் ஓபன் சோர்ஸ் மென்பொருள் வேலையில் சேர்ந்தேன். பள்ளிவாசல்களில் மாட்டும் டிவியில் தொழுகை நேரங்களைக் காட்டும் மென்பொருள் அது. யாரும் இலவசமாகப் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம். அதை எப்படிப் பொருத்துவது என்று விளக்கும் வெப்சைட்டின் தமிழ்ப் பக்கங்கள் என் பொறுப்பு. வெளியார் எழுதி அனுப்பும் திருத்தத்துக்குப் புல் ரிக்குவெஸ்ட் என்று பெயர். நான் பார்த்து ஏற்றால்தான் பக்கம் மாறும்.

அதற்கு முந்தின மாதம் ஒருவன் எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்று சொல்லி ஒரு சூதாட்டத் தளத்தின் லிங்கைச் செருகிவிட்டான். நான் கவனிக்காமல் ஏற்றுக்கொண்டேன். தொழுகைப் பக்கத்தில் இரண்டு நாள் சூதாட்டம் கிடந்தது. வெட்கத்தில் செத்தேன்.

சுதர்சனின் கணக்கும் புதியது, படம் இல்லை. "மூன்றாம் படியில் கொழும்பை எடுத்துவிட்டு, பள்ளிவாசல் இருக்கும் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் போடச் சொல்லவும்." உலகப்படத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் அந்த இரண்டு எண்கள், அவ்வளவுதான், காரணம் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெயரைப் பார்த்தேன், முஸ்லிம் பெயர் இல்லை. தமிழ் ஆளுக்கு நம்முடைய பள்ளிவாசல் நேரத்தில் என்ன வேலை என்று நினைத்தேன். மறுநாள் அதே பெயரில் மீண்டும் ஒன்று வந்தது. விடாமல் வருகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி, வாசிக்காமலே ஆளை புளொக் பண்ணினேன்.

2. மூன்றாம் படி

பொருத்தும் விளக்கத்தில் அந்த மூன்றாம் படியை எழுதியவனே நான்தான். எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதில் கல்முனை இருக்காது. ஆகவே ஊர் கேட்டால் கொழும்பைத் தட்டிவிட்டுப் போவோம். போனுக்கும் அப்படித்தான், விண்டோஸுக்கும் அப்படித்தான். எதுவும் கெட்டதில்லை. அதையே எழுதினேன்: "ஊர்: கொழும்பு." எங்கள் தெருப் பள்ளி டிவியையும் அப்படியே பொருத்தினேன். பக்கத்தில் தொங்கிய தொழுகை நேரக் கலண்டர் அவலட்சணமாக இருந்தது என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

நோன்பு பிறந்தது. அடுத்த தெருப் பள்ளியில் விடிகாலைத் தொழுகையான சுபஹுக்குப் பாங்கு எங்களுக்கு முந்திக் கேட்டது. "அவங்கட மணிக்கூடு முந்தி ஓடுது" என்று எல்லாருக்கும் சொன்னேன்.

நாலாம் நோன்பன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், எங்கள் பள்ளியில் தொழுகை நடத்தும் மௌலவி என்னைக் கூப்பிட்டார்.

"காக்கா, பக்கத்தூரு மாவடிப்பள்ளியிலயும் ஒங்கட சொஃப்ட்வெயார்தான் இரிக்கி. அங்க சுபஹ் நம்மள விட எட்டு நிமிஷம் முந்துது. என்னண்டு?"

"அவங்க பிழையாப் போட்டிரிப்பாங்க மௌலவி."

"அப்ப இது?"

அவர் கையில் நான் அலுமாரிக்குள் வைத்த கலண்டர். அதிலும் சுபஹ் எட்டு நிமிடம் முந்தியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நாடு முழுக்க மணிக்கூட்டு நேரம் ஒன்றுதான். ஆனால் கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்குக் கொழும்புக்கு முன்பே விடிந்துவிடும். விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டைச் சுபஹ் நேரம் வந்ததும் நிறுத்த வேண்டும். டிவியைப் பார்த்துச் சாப்பிட்ட எங்கள் தெரு, அந்த நேரம் வந்த பிறகும் நாலு நாள் சாப்பிட்டிருக்கிறது.

"அப்ப நோன்பு?" என்றேன்.

"நாலையும் களாச் செய்யணும். நோன்பு முடிஞ்ச பொறகு திருப்பிப் புடிக்கணும். சனத்துக்கு நீங்கதான் சொல்லணும் காக்கா."

3. மாவடிப்பள்ளி டிவி

உடனே மாவடிப்பள்ளிப் பள்ளிவாசலுக்குப் போன் எடுத்து, அங்கே டிவியைப் பொருத்தியவர் யாரென்று கேட்டேன். காரைதீவில் கமரா, டிவி மாட்டிக்கொடுப்பவராம். பெயர் சுதர்சன். நம்பரை வாங்கி அழைத்தேன்.

"தம்பி, என்னத்துக்கு அந்தத் திருத்தத்தப் போட்டீங்க?"

"டிவி மாட்டக்குள்ள பக்கத்துல கலண்டர் தொங்கிச்சு காக்கா. ரெண்டும் ஒத்து வரல்ல. உங்கட ஆக்கள் அதப் பாத்துத்தானே சாப்பாட்ட நிப்பாட்டுற? நோன்புக்கு முதல் சொல்லணுமெண்டு நினைச்சன்."

"காரணத்த எழுதியிரிந்தா பாத்திரிப்பேனே."

"ரெண்டாந்தரம் எழுதினன். கலண்டரையும் படம் எடுத்துப் போட்டன். அதுக்குப் பிறகு ஒண்டும் அனுப்ப ஏலாமப் போயிட்டு."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. புளொக்கை எடுத்துவிட்டு அவருடைய இரண்டாவது திருத்தத்தை அவர் பெயரோடு அப்படியே ஏற்றேன். பிறகு பள்ளிக்குப் போய் டிவியைச் சரிசெய்தேன்.

அன்று மாலை மஹ்ரிப் தொழுகை முடிந்ததும் மைக்கைப் பிடித்து நடந்ததையெல்லாம் சொன்னேன், புளொக் பண்ணியது உட்பட. கடற்கரையில் நின்று வலை இழுக்கும் சரீபு என்ற கரைவலைக்காரர் எழும்பினார்.

"நாலு நோன்பும் வெயிலுக்க வலை இழுத்துப் புடிச்சது காக்கா. ஒருத்தருக்குமே இது தெரியாமப் போயிட்டா?"

"ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிரிந்திச்சு. அவரக் கதைக்க விடாம நான்தான் தடுத்த" என்றேன்.

சரீபு உட்கார்ந்தார்.

இப்போது தமிழ்ப் பக்கங்களை நாங்கள் இருவர் சரிபார்க்கிறோம். மற்றவர் சுதர்சன். சரிபார்க்கப் புதிதாக வருகிறவர்களிடம், "சந்தேகப்படுங்கள்" என்றுதான் இன்றும் சொல்கிறேன், இந்த வேலைக்கு அது வேண்டும். ஆனால் அனுப்பியவர் பெயரைப் பார்க்கும் முன் அனுப்பியதை வாசியுங்கள். நான் அவரைத்தான் சந்தேகித்தேன். நானே எழுதிய மூன்றாம் படியை ஒரு தடவையும் சந்தேகிக்கவில்லை.

ரமழானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் வீட்டு நிழலில் இருந்து என் நாலு நோன்பையும் பிடித்து முடித்தேன். சரீபு தன் நாலையும் மறுபடி வலை இழுத்துக்கொண்டே பிடித்தார். வீதியில் கண்டால் அவர்தான் முதலில் ஸலாம் சொல்வார். பதில் சொல்வேன், முகத்தைப் பார்க்கத்தான் முடிவதில்லை.