ஒரே ஆட்டோவுக்கு இரண்டு பில்

அந்த ஆட்டோ ஏலத்தில் எங்களுக்கு விழுந்தபோது நான் கடைக்குள்ளேயே நின்று கை தட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கைதட்டலுக்காக என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

திருகோணமலை டவுனில், உட்துறைமுகப் பக்கமாக எனக்கு ஒரு சின்ன போட்டோக் கொப்பிக் கடை இருக்கிறது. கொப்பி எடுப்பதோடு கடிதம் அடித்துக் கொடுப்பேன், ஆட்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பேன். என் கணவர் பதினொரு வருடமாக மற்றவர்களுடைய ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓடியவர். எத்தனை ஹயர் சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பின்னேரம் வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கலாமென்றால், வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய ஆட்டோவின் விலைகூட எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அப்போதுதான், தவணை கட்டாததால் லீசிங் கொம்பனிகள் பிடித்த வாகனங்களை இணையத்தில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். லீசிங் கொம்பனிக்காக ஏலத்தை நடத்துவது வேறொரு நிறுவனம். வண்டிகள் நிற்கும் யாட்டும் அவர்களுடையதுதான்.

ஏலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிய இருந்தது. என் கணவர் ஒரு ஹயரை விட்டுவிட்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். யாரோ ஒருவர் விடாமல் எங்களுக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தார்.

“போதும், விடுங்க. நமக்கு ஏலாது,” என்றார் இவர்.

“இன்னும் ஒருக்கா,” என்று சொல்லி நான் கடைக் கொம்பியூட்டரில் அழுத்தினேன். எட்டு இலட்சத்து இருபதாயிரத்தில் எங்களுக்கு விழுந்தது. இரண்டு சீட்டுக் காசும் கூட்டுறவுக் கடனும் சேர்ந்து சரியாக அந்தத் தொகைக்குத்தான் எங்களிடம் வழி இருந்தது.

பின்னேரம் மின்னஞ்சலில் பில் வந்தது. ஏலத்தொகைக்குக் கீழே வால் போல இன்னும் நான்கு வரிகள். வாங்குபவர் கமிஷன் நூற்றுக்கு ஐந்து. அந்தக் கமிஷன்மேல் அரசாங்கத்தின் வற் வரி. ஆவணக் கட்டணம் பத்தாயிரம். கடைசியாக யாட் வாடகை, வண்டியை எடுக்கும் வரைக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று. நான் உடனே அவர்களுக்குப் போன் எடுத்தேன்.

“இதெல்லாம் ஏலத்துக்கு முந்தி ஏன் சொல்லயில்ல?”

“கண்டிஷன்ல இருக்கு மேடம். நீங்க சரியெண்டு டிக் பண்ணித்தான் பதிஞ்சிருக்கிறீங்க,” என்றது ஒரு பெண்குரல். அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

போய்ப் பார்த்தேன். இருந்தது. மிக நீண்ட ஒரு பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். ஊராருடைய விண்ணப்பங்களை எல்லாம் வரிவரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறவள் நான். எனக்கென்று வந்தபோது வாசிக்கவில்லை. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? ஏலத்தைக் கைவிட்டால், அதில் பதியும்போது கட்டிய முற்பணம் போய்விடும். என் சங்கிலி அடகுக்குப் போனது.

காசு முழுவதையும் மறுநாளே கட்டினோம். ஆனால் வண்டியை வெளியே விடும் கடிதம் வரவில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறை என்றார்கள், பிறகு சனி, ஞாயிறு என்றார்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறவர் கொழும்பில் என்றார்கள். ஏலம் முடிந்து ஆறு நாள் கழித்துத்தான் கடிதம் கிடைத்தது. யாட் வாசலில் அந்த ஆறு நாளுக்கும் வாடகை கேட்டார்கள்.

“நீங்க விடாமல் வைச்சிருந்ததுக்கு நாங்க வாடகை கட்டுறதோ?” என்று கேட்டேன்.

வாசலில் நின்றவர் பாவம், சம்பளத்துக்கு நிற்கிறவர். “கட்டினாத்தான் அக்கா கேற் திறக்கலாம்,” என்றார். கட்டினோம்.

வண்டிக்கு ஒரு சாவிதான் தந்தார்கள். வண்டியின் பின்பக்கத்தில், ஹயர் ஓடுகிறவர்கள் ஒட்டுவதுபோல, ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தது. மற்றச் சாவி பழைய சொந்தக்காரரிடம் இருக்கக்கூடும் என்று அந்த நம்பருக்கு எடுத்தேன். தோப்பூரிலிருந்து ஒருவர் பேசினார். நான் யார் என்று சொன்னேன்.

“சாவி இருக்கு தங்கச்சி. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வாங்க, தாறன்,” என்றார்.

கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் வழியாகத் தோப்பூருக்குப் போனோம். வழி முழுவதும் எனக்கு அதே யோசனைதான். ஒருவரிடமிருந்து பறித்த வண்டியிலேயே அவர் வாசலுக்குப் போகிறோமே என்று. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சந்தையிலிருந்து டவுனுக்கு மரக்கறி ஏற்றியவர். நாட்டில் பெற்றோல் இல்லாத மாதங்களில் ஓட்டம் நின்று தவணை பாக்கி விழுந்திருக்கிறது. பிறகு அவரால் எழும்ப முடியவில்லை. அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை, தொட்டும் பார்க்கவில்லை. சாவியை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

“எவ்வளவுக்கு எடுத்தனீங்க?” என்று அவர் கேட்டார்.

நான் தொகையைச் சொன்னேன். கமிஷனையும் வாடகையையும்கூடக் கொட்டித் தீர்த்தேன். அவர் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

“இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க தங்கச்சி. வண்டியும் போய், இன்னும் காசு கட்டச் சொல்லுறாங்க. எனக்கு விளங்கயில்ல.”

லீசிங் கொம்பனியின் கடிதம் அது. வண்டி விற்ற எட்டு இலட்சத்து இருபதாயிரம் சரியாக இருந்தது. அதிலிருந்து பிடித்ததற்குச் செலவு, ஏல நிறுவனத்துக்குக் கமிஷன், யாட் வாடகை எல்லாம் கழித்திருந்தார்கள். மீதியைத்தான் அவருடைய கடனில் வரவு வைத்திருந்தார்கள். என் பில்லைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் விரித்தேன். ஒரே ஏலத்துக்கு என்னிடமும் கமிஷன், அவரிடமும் கமிஷன். அதுகூட வழக்கம் என்று சொல்வார்கள். ஆனால் யாட் வாடகை? வண்டி கேற்றை விட்டு வெளியேறிய நாள் வரைக்கும் அவரிடம் பிடித்திருந்தார்கள். அதில் நான் கட்டிய அதே ஆறு நாளும் இருந்தது. ஒரு வண்டி ஒரு இடத்தில்தான் நின்றது. வாடகையை இரண்டு பேரிடம் வாங்கியிருக்கிறார்கள்.

“நானா, இத விடக்கூடாது,” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“விடுங்க தங்கச்சி. அவங்களோட கதைச்சு வெல்ல ஏலாது.”

நான் விடவில்லை. இரண்டு தாளையும் கொப்பி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஏல நிறுவனத்தின் டவுன் அலுவலகத்துக்குப் போனேன். குளிரூட்டிய அறையில் இருந்த இளம் மனேஜர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அது சிஸ்டத்தில தானா வாறது மேடம். எங்களால மாத்த ஏலாது.”

“அப்ப இதைச் சொல்லுங்க. வற் எண்டு ஏழாயிரத்துச் சொச்சம் எடுத்திருக்கிறீங்க. பில்லில உங்கட வற் இலக்கம் எங்க?”

என் கடைக்குத் தினமும் கொப்பி எடுக்க வருகிற பில்களில் அந்த இலக்கத்தை நான் பார்த்துப் பழகியவள். வரி அறவிடுகிறவர் பதிவு இலக்கம் போட வேண்டும். இந்த பில்லில் அது இல்லை. அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். எழும்பிப் போய் உள்ளே யாருடனோ போனில் கதைத்தார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“அது ஒரு பிழை நடந்திட்டுது. அந்தக் காசைத் திருப்பித் தாறம். நீங்க வேற இடத்துக்குப் போக வேண்டாம்.”

பிழையாம். அரசாங்கத்தின் பேரைச் சொல்லி என்னிடம் பறித்த காசு இதுவரைக்கும் யாருடைய பொக்கற்றுக்குப் போனது? எனக்கு முன்னால் எத்தனை பேர் கேட்காமல் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்? வரிக்காசைக் கடித உறையில் போட்டுத் தந்தார்கள். உறையை வாங்கிக்கொண்டு நேரே போய் வரித் திணைக்களத்துக்கும் ஒரு முறைப்பாடு எழுதிப் போட்டேன். வேறு இடத்துக்குப் போகமாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அந்த முறைப்பாட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை.

யாட் வாடகையைப் பற்றி லீசிங் கொம்பனியின் தலைமையகத்துக்குத் தோப்பூர் நானாவின் பெயரில் கடிதம் அடித்தேன். இரண்டு பில்லின் கொப்பியையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துத் தோப்பூரிலிருந்து போன் வந்தது.

“ஆறு நாளைக் கழிச்சிட்டாங்க தங்கச்சி. மிச்சத்தக் கட்டத்தான் வேணுமாம். தவணை போட்டுத் தந்திருக்காங்க.”

“கமிஷன்?”

“அதப் பத்தி ஒண்டும் எழுதயில்ல. பரவாயில்ல. நீங்க செஞ்ச உதவிக்குப் பெரிய நன்றி.”

அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய வண்டி என் வீட்டு வாசலில் நிற்கிறது. இல்லாத வண்டிக்கு அவர் இன்னும் தவணை கட்டுகிறார். அவரிடமிருந்து எடுத்த காசில் ஒரு துண்டு அவருக்கே திரும்பி வந்ததற்கு எனக்கு நன்றி சொல்கிறார். “சரி நானா, வைக்கிறன்,” என்று போனை வைத்தேன். கடையில் கொப்பி எடுக்க நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள்.