சுடுற வாசப்படியும் ஒரு கிரேக்கச் சொல்லும்

எங்க ஊர்க் கோயில் வாசப்படி கருங்கல்லு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல காலையில எட்டரை மணிக்கே கால் வைக்க முடியாது... அப்படிச் சுடும்.

எண்பத்தஞ்சோ ஆறோ. சாமியாராகறதுக்கு குருமடத்துல படிச்சிட்டு இருந்தேன், லீவுக்கு கம்பைநல்லூர் பக்கம் எங்க ஊருக்கு வந்திருந்தேன். பையில நீல அட்டை நோட்டு, கிரேக்கப் பாடம். அந்த டெர்ம்ல என் மண்டையில ஏறுன ஒரே சொல்லு... மெட்டனோயெய்ட்டே.

வேதத்துல வர்ற அந்தச் சொல்லை எங்க ஊர்ல 'தவம் பண்ணுங்க'ன்னு படிப்பாங்க. கிரேக்கத்துல அது மனசைத் திருப்பிக்கச் சொல்ற சொல்லு. ஒரு தடவை செஞ்சு முடிக்கிறதில்ல, செஞ்சுக்கிட்டே இருக்கணும். அதுவும் ஒருத்தருக்குச் சொன்னதில்ல, எல்லாருக்கும்.

அப்பத்தான் எங்க பெரியப்பா மக ஸ்டெல்லா அக்கா வந்துச்சு. இந்துப் பையனைக் கட்டிக்கிட்டு கடத்தூர்ல இருந்துச்சு. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும், அதான் ஆசை.

ஊர் வழக்கம் ஒண்ணு இருந்தது. வெளியில கட்டிக்கிட்டவங்க மூணு ஞாயிறு, பூசை முடியற வரைக்கும் அந்த வாசப்படியில முட்டி போடணும். அப்புறம்தான் உள்ள விடுவாங்க, புள்ளைக்கும் ஞானஸ்நானம்.

ஊர்க் கூட்டத்துல பெரியவர் ஒருத்தர் சொன்னார், "வேதத்துலயே தவம் பண்ணுன்னுதானுங்க போட்டிருக்குது. நாம என்ன புதுசாவா சொல்றோம்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. முந்தின நாள்தான் நோட்டைக் காட்டிப் பீத்திக்கிட்டிருந்தேன்.

"சொல்லுடா தம்பி. நீதான படிச்சிருக்கற."

நான் வாயைத் திறக்கல. ஊர்ல இருந்து ஒரு லெட்டர் போனா குருமடத்துல சீட்டைக் கிழிச்சிடுவாங்கன்னு பயம்.

முதல் ஞாயிறு புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு அக்கா முட்டி போட்டுச்சு. பூசை முடிஞ்சு எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனாங்க. நானும்தான். அக்கா எந்திரிக்கறப்ப முட்டி ரெண்டும் செவந்து கெடந்தது.

"அந்த நோட்டை நீயே வெச்சுக்க சாமி"ன்னு சொல்லிட்டு கடத்தூர் பஸ் ஏறிடுச்சு. ரெண்டாவது ஞாயிறு வரல. அதுக்கப்புறம் எங்க வூட்டுப் பக்கமே வரல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் போறது? போகல.

ரெண்டு வருஷத்துல குருமடமும் எனக்கு ஒத்து வரல, வெளிய வந்துட்டேன். எதுக்காக வாயை மூடினேனோ அதுவும் போச்சு. நினைச்சா இன்னைக்கும் என் மேலயே வெறுப்பா இருக்கு.

இப்ப அந்த வழக்கமெல்லாம் இல்ல. வாசல்ல டைல்ஸ் போட்டாச்சு, மேல ஷெட் வந்தாச்சு. நான் ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல வேதபாடம் எடுக்கறேன். அதே சொல்லை விளக்கினா, "அருமைங்க சார்"னு மெசேஜ் வருது.

போன வருஷம் அக்கா தவறிடுச்சு. கடத்தூர் போய் ஓரமா நின்னேன். கொள்ளி வெச்சுட்டுத் திரும்பின மகன், அதே புள்ள, தலையில லேசா நரை... என்னைப் பார்த்து மரியாதையாத்தான் கேட்டான்.

"நீங்க யாருங்க?"