நான் எழுதிக் கொடுத்த எண்

மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கில் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்வது என் வேலை. சில வருஷங்களுக்கு முன் எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை அவள் அம்மா கூட்டி வந்தாள். படிப்பு ஏறவில்லை, சோதித்து அறிக்கை கொண்டுவந்தால்தான் வகுப்பில் வைத்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அம்மா முந்திரி ஆலையில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"மக்கா, தெரியாட்டி மிண்டாம இரி. தப்பாச் சொல்லி மானத்த வாங்கிராத, கேட்டியா?" என்று வாசலில் அவள் பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

பிள்ளை அம்மா சொல்லைத் தட்டவில்லை, வாயைத் திறக்கவே இல்லை. சொல்லுக்குப் பொருள் கேட்டால் தரையைப் பார்த்தாள். பொது அறிவு கேட்டாலும் தரைதான். ஆனால் படத்தில் உள்ளபடி வண்ணக் கட்டைகளை அடுக்கச் சொன்னபோது, நான் நேரம் பார்க்கத் தொடங்குவதற்குள் முடித்துவிட்டு அடுத்த அட்டைக்குக் கை நீட்டினாள்.

மதிப்பெண்களை வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தேன். எங்கள் பக்கத்து ரோடு மாதிரி ஒரே ஏற்றமும் இறக்கமும். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லக்கூடாது. இன்னொரு நாள் வரவழைத்து, பழக்கிப் பேசவைத்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். வெளியே கூட்டம். பள்ளிக்கூடத்துப் படிவத்திலோ எண் எழுத ஒரே ஒரு கட்டம். அந்த அம்மாவை இன்னொரு நாள் லீவு போடவைப்பது பாவம் என்று எனக்கு வசதியாக ஒரு நியாயமும் கிடைத்தது. மொத்தமாகச் சேர்த்துக் குறைவான ஓர் எண்ணை எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன். பெரிய மேதாவி நான்!

போன மாதம் சந்தையில் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு அருகே வந்தாள். பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளவில்லையாம். வேறொன்றில் கடைசி பெஞ்சில் இருக்கிறாளாம். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையாம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"நான் எழுதினது சரியில்லம்மா. இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"சும்மா இரிங்க மேடம்" என்று அவள் என்னைத் தேற்றினாள். "முன்னெல்லாம் படிக்கல்லேன்னு போட்டு அடிப்பேன். நீங்க எழுதித் தந்த பெறவு அடிக்கதில்ல. படின்னும் சொல்லதில்ல. அவளுக்கு உள்ளது அவ்வளவுதானேன்னு விட்டாச்சு."

என் கையைப் பிடித்து நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.