நாற்பத்து நான்கு டிகிரியில் ஓர் இரைச்சல்

"குடை" என்கிறார் காதுக்காரர், ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு. எதிரே நிற்கும் தபால்காரர், "குடை" என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கு நோட்டை நீட்டுகிறார்.

"படகு."

"படகு. சார், இன்னும் பதினேழு வீடு பாக்கி இருக்கு."

"வலது காது அபாரம். இடதை அப்புறம் பாத்துக்கலாம்."

காது கேட்கிறதா என்று சோதித்துச் சான்றிதழ் தருவது அவர் தொழில். ஐம்பத்திரண்டு வயது. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் இசைக்கவை வைத்திருப்பார், தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவை. கதவை இரண்டு கையாலும் பிடித்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் சாத்துவார். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். தொழில் புத்தி என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

நிலையம் என்பது இரண்டு அறை. முன்னறையில் மனைவி, தொலைபேசி, நாலு நாற்காலி. பின்னறையில் பஞ்சு ஒட்டிய ஒரு மரக்கூண்டு. கூண்டுக்குள் ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டி உட்காருவார். வெளியே காதுக்காரர் லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டுவார். உள்ளே 'பீப்' என்று கேட்டதும் உட்கார்ந்திருப்பவர் தன் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

வில்லங்கம் அந்த லேப்டாப்பில் இருந்தது. மனைவியின் தம்பி விளையாடித் தீர்த்துவிட்டுக் கொடுத்தது. டாங்கிகளும் வெடிகுண்டுகளும் பறக்கும் விளையாட்டுகளுக்கென்றே அதில் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. காதுக்காரர் அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஒற்றை 'பீப்'பை எழுப்பப் பயன்படுத்தினார். யுத்தம் வரும் வரும் என்று கார்டு தொண்ணூற்றொரு டிகிரியில் கொதித்துக்கொண்டு காத்திருந்தது. அதைக் குளிரவைக்க உள்ளேயிருந்த ஃபேன் அலறியது. கூண்டில் இருந்தவர்கள் ஃபேன் சத்தத்துக்கெல்லாம் பொத்தானை அமுக்கினார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், காதுக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் முப்பத்தாறு முறை அமுக்கி, ஊரிலேயே கூர்மையான காது தன்னுடையதுதான் என்று வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டார்.

லேப்டாப்பை நாலு பாட்டில் மூடியின்மேல் தூக்கி வைத்துப் பார்த்தார். அடியில் ஐஸ் பை வைத்தார். மேஜை விசிறியைத் திருப்பி வைத்தார், இரண்டு இரைச்சல் ஆயிற்று. ஈரத் துண்டைப் போர்த்தியபோதுதான் மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். "உங்க மாமா லேப்டாப்புக்கு ஜுரம்னு பத்துப் போடறாருடா."

விளையாட்டாகப் பேசினாலும் அவள் காலண்டரை ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திங்கட்கிழமை காலை சுகாதார இலாகாவிலிருந்து ஆய்வாளர் அம்மாள் வருவதாக ஓலை வந்திருந்தது. சோதனை அறையில் சத்தம் முப்பது டெசிபலுக்குமேல் இருந்தால் அனுமதி ரத்து. அனுமதி போனால் நிலையமும் போச்சு.

"மாமா, அந்த கார்டை முடக்கிடுங்க" என்றான் மச்சான் போனில். "லேப்டாப்ல சாதாரணமா இன்னொண்ணு இருக்கு, அது போதும்."

காதுக்காரர் எங்கோ படித்துவிட்டு, கார்டை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளைத் தடைப்பட்டியலில் சேர்த்தார். லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் தொண்ணூற்றாறு டிகிரி.

"கரண்டை நிறுத்தலையா மாமா? வண்டி ஓட்டறவனை இறக்கிவிட்டுட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணாம விட்டிருக்கீங்க. தூங்குன்னு சொல்லக்கூட அதுக்கு இப்ப ஆள் இல்ல."

"நீ சத்தமாப் பேசு. லைன் சரியில்ல."

தடையை எடுத்துவிட்டு, லேப்டாப் விழிக்கும்போதே கார்டுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டச் சொல்லும் ஒற்றை வரியை, மச்சான் எழுத்தெழுத்தாகச் சொன்னான். அது தொடக்கக் கோப்பில் ஏறுவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வோர் எழுத்தையும் மூன்று தடவை கேட்டார். லேப்டாப்பை மறுபடி அணைத்துப் போட்டார். எழுபது. ஐம்பத்தைந்து. நாற்பத்து நான்கில் வந்து நின்றது.

முன்னறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கரண்ட் போயிடுச்சா?"

"ஏன்?"

"சத்தத்தையே காணோமே."

"எங்க காணோம்? அரைச்சுக்கிட்டேதானே இருக்கு."

காற்று வரும் துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். காற்று இல்லை. திரையில் ஃபேன் வேகம் சுழியம். சுழியத்தில் ஓடும் ஃபேனை அவர் அதுவரை கண்டதில்லை. மறுநாள் திருகாணிகளைக் கழற்றி, ஃபேனையே பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். இரைச்சல் நிற்கவில்லை. டிராயரைத் திறந்து, ஃபேனை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். சந்தேகமாகத்தான் இருந்தது. பழைய துணியில் சுற்றிக் கொல்லைப்புற அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"கார்டுதான்" என்று முடிவுக்கு வந்தார் ஞாயிற்றுக்கிழமை. "வேலைய விட்டு நிறுத்தினவன் வாசல்லயே நின்னு முணுமுணுப்பான் பாரு, அந்த மாதிரி."

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "எந்தப் பக்கத்திலேர்ந்து கேக்குது?"

"எந்தப் பக்கமும்தான்."

அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள், முன்னைவிட மெதுவாக.

ஆய்வாளர் அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்க, கூண்டுக்குள் மீட்டரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருபத்திரண்டு.

"பிரமாதம் சார். பெரிய ஆஸ்பத்திரியில கூட இருபத்தாறுக்குக் கீழ வரல. குண்டூசி விழுந்தா கேக்கும் போல இருக்கு."

காதுக்காரர் முகம் சுளித்தார். "மேடம், உங்க மீட்டர் சரியில்ல."

"என்ன சார்?"

"இவ்வளவு இரைச்சல்ல இருபத்திரண்டு எப்படி வரும்? பேட்டரியை மாத்திட்டு மறுபடி வையுங்க."

மனைவி அவர் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்துத் திருகினாள். அவர் நகர்ந்து நின்று தொடர்ந்தார். "நான் இருபத்தெட்டு வருஷமா காது பாக்கறவன். மனசறிஞ்சு இதுக்கு நான் பாஸ் போட மாட்டேன்."

ஆய்வாளர் அம்மாளின் உத்தியோக வாழ்க்கையில், தேர்ச்சி கொடுத்ததற்காக ஒருவர் சண்டைக்கு வருவது அதுவே முதல் தடவை. பேட்டரியை மாற்றி வைத்தார். இருபத்தொன்று.

"பாத்தீங்களா, மாறுது. நம்பவே கூடாது."

"மேடம், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள் மனைவி. "அவருக்குத் தொழில்னா அவ்வளவு கண்டிப்பு. எங்க கல்யாணத்தன்னைக்கே மேளக்காரர்கிட்ட சத்தம் ஜாஸ்தின்னு சொன்னவர்."

இரண்டு வருஷத்துக்கு அனுமதி. முத்திரை குத்தியாயிற்று. படியிறங்கும்போது அந்த அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், இப்படியும் ஒரு யோக்கியனா என்கிற மாதிரி.

மனைவி வாசற்கதவைத் தாழிட்டாள். பின்னறைக்கு வந்து லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கினாள். கவிழ்த்து வைத்து பேட்டரியை உருவினாள். கொல்லைப்புறம் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, வழியிலிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இப்ப?"

அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "கொல்லைக்கும் இங்கயும் ரொம்ப தூரம் இல்லையே" என்றார்.

அவள் கிட்டே வந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து உயர்த்தி, உள்ளங்கைகளை அவர் காதுகளின்மேலேயே வைத்து, தன் கைகளால் அழுத்தினாள். தெருவில் போன ஆட்டோவின் சத்தம் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் நின்றது. இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. அவர் தலையைச் சற்றே சாய்த்து, கூண்டுக்குள் உட்காருகிறவர்களிடம் எத்தனையோ தடவை அவர் கண்டிருக்கும் அதே கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?" என்று உதடு மட்டும் அசைய அவள் கேட்டாள்.

அவள் தன் கைகளை எடுத்த பிறகும் அவர் தன்னுடையதை எடுக்காமல் நின்றார். பிறகு, மீட்டர் வைத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, நாகரிகமாகத் தோல்வியை ஒப்புக்கொள்கிறவரைப்போல், மெல்லத் தலையசைத்தார்.