இருநூற்றைம்பதாவது மரம்

நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள், எனக்கு வருத்தமில்லை. இது நடந்தது எனக்கல்ல, என்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்த ஒருவருக்கு. ஆனால் இதில் என் குரல் இருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. நான் மட்டும்தான் அங்கே இல்லை.

எங்களுக்கு மரம் எண்ணுகிற வேலை. ஊருக்குள் மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளை விற்பதற்கு முன்னால் எண்ணியாக வேண்டும். நம்பர்காரர் முன்னால் போவார். அலுவலகத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மரத்தில் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டு, அதை உரக்கச் சொல்வார். பத்தடி பின்னால் நான் வருவேன். மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்து, பதிவேட்டில் எழுதி, அதே எண்ணைத் திருப்பிச் சொல்வேன். அது காதில் விழுந்த பிறகுதான் அவர் அடுத்த மரத்துக்கு நகர்வார். புதருக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல்தான் துணை.

இருநூற்றைம்பது மரம் இருந்தால் அது காடு. யாரும் தொட முடியாது. ஒன்று குறைந்தாலும் காலி மனை. அதனால் மேலாளர் ஒவ்வொரு முறையும் எங்களைக் கூப்பிட்டு, "இருநூத்தி நாப்பத்தொம்பதுக்கு மேல உங்களுக்கு எண்ண வராது, சரியா?" என்பார். மூன்று இடங்களில் எங்களுக்கு எண்ண வரவில்லை. மூன்றிலும் இப்போது மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

நம்பர்காரருக்கு மனைவி போய் ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. மொட்டை மாடியில் ஒற்றை அறை. அவர் வாயைத் திறந்து பேசுவதே என்னோடும் மரங்களோடும்தான். அந்த நான்காவது இடம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நடுவில் ஒரு பாறை. அதைச் சுற்றிப் பத்தடிக்குச் செடிகூடக் கிடையாது. மூன்று நாளாக அங்கேதான் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டோம். ஊர்ச் சத்தம் அங்கே வரவே வராது. மரத்துப் பட்டையைத் தடவி, "இதுக்கு என் வயசு இருக்கும் தம்பி" என்பார். மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்ததும், "இதையும் காலி மனைன்னு எழுதணுமா?" என்று கேட்டார். எனக்குக் காலையிலிருந்து உயிர் போகிற பல்வலி. எழுதித்தானே ஆக வேண்டும் என்று முனகி வைத்தேன்.

மாலை சரியாக நான்கு பத்து. எண் 187. கன்னம் வீங்கிப் பேச்சே குழறியது. நான் கிளம்புகிறேன் என்று கத்தினேன். அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பதிவேட்டையும் டேப்பையும் பாறை மேல் வைத்துவிட்டு ஓடினேன். நான்கு ஐம்பதுக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தேன். டாக்டர் கொடுத்த சீட்டில் நேரம் போட்டிருக்கிறது.

இனி வருவது அவர் சொன்னது. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை.

அவர் 188 என்றார். 188 என்று பதில் வந்தது. என் குரல்தான். 189. 190. குழறல் இல்லாமல் தெளிவாக இருந்தது. பாவம், தம்பிக்கு வலி விட்டுவிட்டது போல என்று சந்தோஷப்பட்டாராம்.

ஐந்து இருபது. எண் 221. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். பின்னால் சருகு சரசரக்கவில்லை. நான் நடந்தால் யானை வருகிற மாதிரி இருக்கும் என்று எப்போதும் கேலி செய்வார். அன்றைக்குக் குரல் மட்டும் வந்தது... அதே பத்தடி தூரத்தில்.

ஐந்து நாற்பது. பறவைச் சத்தம் நின்றது. ஒவ்வொன்றாக அல்ல, ஒரேயடியாக.

எண் 238. பதில் முன்னாலிருந்து வந்தது.

"தம்பி, எங்கே நிக்கிறே?"

பதில் இல்லை. 239 என்று சொல்லிப் பார்த்தார். 239 என்று உடனே வந்தது. எண்ணுக்கு மட்டும்தான் பதில்.

ஆறு ஐந்து. எண் 246. அவர் வாயே திறக்கவில்லை. பிரஷ் மரத்தைத் தொட்டது. எண் காதில் விழுந்தது...

247... 248...

249. இருட்டிவிட்டது. பிரஷ்ஷையும் டப்பாவையும் கீழே வைத்தார்.

"போதும்பா. கிளம்பலாம்."

"இருநூத்தம்பது."

முதுகுக்குப் பின்னால்... காதருகே...

"வேணாம் தம்பி."

மார்பைச் சுற்றி ஏதோ இறுகியது.

தளர்ந்தது.

ஓடினார்.

பஸ்ஸில் நாற்பது நிமிடம் நின்றபடியே வந்தார். அறைக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றியபோது ஏழரை மணி. சட்டை முதுகில் வெள்ளைப் பெயின்டில் 250. அவர் எழுதுகிற மாதிரியே ஐந்துக்கு வால் நீண்டிருந்தது. அந்தக் குரலுக்குக்கூட அவர் அழவில்லை. பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் முதுகில் ஏதோ எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடத் தன்னிடம் சொல்லவில்லையே என்றுதான் அழுதாராம்.

மறுநாள் நல்ல வெயிலில் இருவரும் போனோம். பதிவேடு நான் வைத்த பாறை மேலேயே இருந்தது. 188 முதல் 249 வரை எல்லா வரியும் நிரம்பியிருந்தது. என் கையெழுத்து. நான் எழுதவில்லை. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி.

எண் 250. சுற்றளவு 92 செ.மீ. இனம் தெரியவில்லை. குறிப்பு: தனிமரம்.

அவருக்குச் சட்டை தைக்கிற டெய்லரிடம் போய்க் கேட்டோம். மார்பு தொண்ணூற்றிரண்டு.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார் மேலாளர். நம்பர்காரர் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அதை அடிச்சா என்னை அடிச்ச மாதிரி சார்."

பதினோரு வருடத்தில் அவர் மேலாளரை மறுத்துப் பேசியது அன்றைக்குத்தான். சரிபார்க்க வேறு மூன்று பேர் போனார்கள். 250 இருக்கிறது, பாறையை ஒட்டித் தனியாக நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். காடு பிழைத்தது. எங்களை ஆளுக்கொரு அலுவலகமாகத் தூக்கியடித்தார்கள். பாறையை ஒட்டி மரமே கிடையாது என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவும் இல்லை. ஆளுக்கு ஆயிரம் வேலை.

காடு என்று ஆகிவிட்டதால் வருடத்துக்கு ஒரு முறை அளவெடுக்கிறார்கள். போன வாரம் அந்தப் பதிவேடு ஒரு வேலையாக என் கைக்கு வந்தது. நேராக 250-க்குப் போனேன்.

சுற்றளவு 85. குறிப்பு: இலை உதிர்கிறது.

அப்படியே கிளம்பி அவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மூன்று வாரமாகக் காய்ச்சலாம். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லையாம். யாருக்குமே சொல்லவில்லையாம்.

"உனக்கு யாருப்பா சொன்னது?" என்று கேட்டார்.