குட்டையில் பிடித்த ஹாருவான்

ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடிக்க இரண்டு ஜோடி கையுறை போட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்த கம்பெனி, அதே ஆற்றுக்குக் குறுக்கே மரக்கட்டைகளை இழுத்துக்கொண்டு போனவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றவள் நான். கையுறை போட எனக்குச் சொல்லித் தருகிறார்கள்.

செர்டாங்குக்கு மேலே ஒரு குன்று. அதிலிருந்த கிழட்டு ரப்பர் மரங்களையும் அதற்குப் பின்னாலிருந்த காட்டையும் சேர்த்து வழித்துவிட்டு, பலகைக்கு உதவும் மரம் நடுவது திட்டம். அதனால் ஆற்றுக்குக் கெடுதல் இல்லை என்று காகிதத்தில் காட்ட வேண்டும். அதற்கு ஓர் ஆலோசனைக் கம்பெனி, அந்தக் கம்பெனிக்குப் போத்தல் தூக்க ஓர் ஆள். தொழிற்சாலை என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம், நான் போய்ச் சேர்ந்தேன்.

அவர்கள் கொடுத்த வரைபடம் அழகோ அழகு. ஆற்றின் இரண்டு கரையிலும் பச்சைப் பட்டை போட்டிருந்தார்கள். அந்தப் பட்டைக்குள் ஒரு மரத்தையும் தொடக்கூடாது, கரையில் மரம் நின்றால்தான் மண் ஆற்றில் இறங்காது என்று கீழே எழுதியும் இருந்தது. போய்ப் பார்த்தால், பாலத்தின் மேல் நின்று கண்ணுக்கு எட்டும் தூரம் வரைதான் மரம். வளைவு தாண்டினால் மொட்டை. மேலதிகாரிகள் பாலத்தில் காரை நிறுத்துவார்கள், மரத்தைப் படம் எடுப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், போய்விடுவார்கள். வளைவு வரை நடந்தால் அவர்களுடைய சப்பாத்துக்கு என்ன ஆகுமோ.

வளைவுக்கு அப்பால் நடந்தவள் நான். மழைக்காலத்திலேயே இயந்திரத்தை இறக்கியிருந்தார்கள். சக்கரம் போன இடமெல்லாம் முழங்கால் ஆழப் பள்ளம், பள்ளம் நிறையத் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர், காலை வைத்தால் அழுகிய முட்டை நாற்றம். வேண்டாத கிளைகளை ஆற்றிலேயே தள்ளியிருந்ததால் அது அடைபட்டு, குன்றின் அடியில் பெரிய குட்டையாக நின்றது. ஒரு மழைக்குப் பள்ளத்துத் தண்ணீர் எல்லாம் அந்தக் குட்டைக்குத்தான் இறங்கும்.

எங்கள் அதிகாரி வெள்ளை பூட்ஸ் போட்ட தம்பி. பூட்ஸ் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. "அக்கா, மழ பேஞ்ச மறுநா எடுக்காதீங்க. தண்ணி கலங்கியிருக்கும், ரிசல்ட் கெட்டுப்போவும்" என்றார்.

"கலங்குன தண்ணியும் ஆத்துத் தண்ணிதானே தம்பி?"

"அப்படி இல்ல லா அக்கா. நல்ல நாளா பாத்து எடுங்க."

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போல நல்ல நாளாகப் பார்த்து எடுத்தேன். பாலத்துக்குப் பக்கத்திலேயே எடுத்தேன். அவர்கள் தேடிய விஷங்களில் பாதரசமும் ஒன்று; அது அளவுக்குள் இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. தம்பி எல்லோருக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவர்களுடைய சோற்றைத் தின்றவள் நான், அதை மறைக்கப் போவதில்லை.

அந்த மாதம்தான் மெர்கோங்கில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், பெண் குழந்தை. வயிற்றில் தையல் என்றால் இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் மூன்று பேரும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொள்ளும் மருந்து ஒன்று இருக்கிறது. விரால் மீன் ரசம். விரால் என்று சொன்னால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லோருக்கும் அது ஹாருவான்தான். அதிலும் வளர்ப்பு ஹாருவானை யாரும் மதிப்பதில்லை. காட்டுத் தண்ணீரில் பிடித்ததுதான் புண்ணை ஆற்றும் என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை பாவம், விடியற்காலையிலேயே கோலா கெடா மீன் சந்தைக்குப் போய் கெம்போங் என்கிற சின்னக் கடல் மீன் வாங்கி வந்திருந்தார். பளபளவென்று இருந்தது. நான் மூக்கைச் சுளித்தேன்.

"கடல் மீனு தையல ஆத்துமா தம்பி? பூனைக்குப் போடுங்க" என்றேன்.

அவர் மீனைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார். மாமியார் வந்த வேகத்துக்கு யார்தான் பேசுவார்கள்.

செர்டாங்குக்குத் திரும்பியதும் குன்றில் இயந்திரம் ஓட்டும் ஆளிடம் ஹாருவான் வேண்டும் என்று சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் குட்டையில் தூண்டில் போடுவது அவருடைய பொழுதுபோக்கு. "காட்டு ஹாருவான்க்கா. ஒவ்வொண்ணும் கை நீளம் இருக்கும். மரம் வெட்டுனதுக்கு அப்புறம்தான் இங்க இவ்வளவு மீனு" என்று பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். பத்தியம் இருந்த நாற்பது நாளில் ஏழு ஹாருவான். ஒவ்வொரு முறையும் ஐஸ் பெட்டியில் போட்டு பஸ் ஏறி மெர்கோங்குக்குக் கொண்டுபோனேன். இஞ்சி, மிளகு, பூண்டு போட்டு முள் இளகும்வரை கொதிக்க வைத்து, மகள் முகத்தைத் திருப்பினாலும் விடாமல் குடிக்க வைத்தேன். தையல் நன்றாகவே ஆறியது. என் மீனால்தான் ஆறியது என்று அக்கம்பக்கம் எல்லாம் சொல்லி வைத்தேன்.

நாற்பது நாள் முடிந்த அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், சுங்கை பட்டாணி ஊர்க்காரி. அவளுடைய ஆய்வுக்குச் சேறும் மீனும் வேண்டுமாம். இடம் காட்ட என்னை அனுப்பினார்கள். அவள் பாலத்தில் நிற்கவே இல்லை, நேராகச் சக்கரப் பள்ளத்துக்குப் போய் முழங்கால் வரை இறங்கினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"தண்ணி நல்லாருக்குன்னு ரிசல்ட் வந்துருச்சேம்மா" என்று சும்மா சீண்டினேன்.

"தண்ணில கொஞ்சம்தான் இருக்கும் ஆண்ட்டி. மீன்லதான் சேரும்" என்றாள். சேற்றை அள்ளிக்கொண்டே சொன்னாள். எங்கெங்கோ எரியும் நிலக்கரிப் புகையில் பாதரசம் வருகிறது. இலையில் படிகிறது, இலை உதிர்ந்து மண்ணுக்குப் போகிறது. காடு நிற்கும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். காட்டை வெட்டிப் பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கினால், காற்றுப் புகாத சேற்றில் இருக்கும் கிருமிகள் அதை உடம்பில் ஒட்டிக்கொள்ளும் விஷமாக மாற்றிவிடும். பூச்சி அதைத் தின்னும், பூச்சியைச் சின்ன மீன் தின்னும்.

"சின்ன மீன பெரிய மீன் தின்னும். கடைசில இருக்கறவன்கிட்டதான் எல்லாம் சேந்து நிக்கும். இந்தக் குட்டைல அது ஹாருவான்" என்றாள்.

அவள் மீனுக்காகக் குட்டையில் விரித்த வலையின் ஒரு முனை என் கையில் இருந்தது.

"கொதிக்க வச்சா போயிடுமா?"

"போவாது ஆண்ட்டி. அது சதையோட ஒட்டியிருக்கும்."

"புள்ள பெத்தவ சாப்ட்டா?"

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கவனமாகப் பேசினாள். வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குப் போவதை விடத் தாய்ப்பாலில் போவது குறைவுதான், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், அந்த மீனை மட்டும் நிறுத்துங்கள் என்றாள். குழந்தையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் அம்மாவின் தலைமுடியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்றும் சொன்னாள். வெள்ளை பூட்ஸ்காரனுக்குத் தெரியாது, பாலத்து அதிகாரிகளுக்குத் தெரியாது. நான் வளைவு தாண்டி நடந்தவள். அந்த நாற்றத்தை மூக்கால் முகர்ந்தவள். அந்த ஆற்றுத் தண்ணீரைத் தொடக் கையுறை போட்டவள், அதில் வளர்ந்த மீனை வெறும் கையால் அறுத்து நான் பெற்ற பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன். இத்தனை பேரைக் கேலி பேசிய எனக்கு என்னைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

ஆய்வுப் பெண் கொடுத்த உறையையும் கேள்வித்தாளையும் எடுத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமை மெர்கோங் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மகள் அழவில்லை, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கெம்போங் மீன் பொரிக்கும் வாசனை வந்தது.

மகளின் பிடரியிலிருந்து ஒரு கொத்து முடியை வெட்டி உறையில் போட்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான் வெட்டினேன், பழக்கம் விடவில்லை. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கேள்வித்தாளை நானே நிரப்பினேன். வயது, பிரசவம் ஆன தேதி, சாப்பிட்ட மீன், எத்தனை முறை என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அடுத்த கேள்வியை வாசிக்காமல் தாளைத் திருப்பப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். மீனைக் கொடுத்தவர் யார் என்று இருந்தது.

"எழுதும்மா. நீதான குடுத்த" என்றாள். குரலில் கோபமே இல்லை.

பேனாவைப் பிடித்து, என் பெயரைத் தெளிவாக எழுதினேன். தலைமுடிச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை.