கீபோர்டைத் தொடாதவர்

பெங்களூரில் நடந்த கட்டற்ற மென்பொருள் மாநாட்டில், பழைய லேப்டாப்களில் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றும் மேசையில் அவர் இருந்தார். நரைத்த தாடி, கட்டிப்போன தொண்டை. யார் கீபோர்டையும் தொடமாட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, நாம்தான் தட்ட வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் நான் எடுக்கும் டியூஷன் நடப்பதே, அன்று அங்கே நான் கொண்டுபோயிருந்த, செத்துக்கிடந்த ஒரே லேப்டாப்பை நம்பித்தான்.

“நீங்க தட்டினா ரெண்டே நிமிஷம் சார்!”

“அப்புறம் கெட்டுப்போனா மறுபடி என்னைத்தானே தேடுவீங்க? ஒருத்தன் முதுகுல ஊரே ஏறினா யாரும் கரை சேரமாட்டாங்கம்மா.”

முனகிக்கொண்டே தட்டினேன்; லேப்டாப் பிழைத்தது.

சாயங்காலம் அவருடைய லேப்டாப்பே நின்றுபோனது. அதை என் பக்கம் தள்ளி, “நீங்க பாருங்கம்மா, என்னால முடியல,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று காலை அவர் எனக்குச் சொல்லித்தந்ததையே மறுபடி தட்டினேன். திரை வெளிச்சமானது. அவர் கண் திறக்கவில்லை.

என்னை நம்பிக் கண்ணை மூடினாரா, அசதியில் தூங்கிப்போனாரா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.